மோழை மாட்டின் குலவரலாறு

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருள் என்பதைத் தமிழ் பயின்றோர் அறிவர். ஆங்கிலத்தில் கால்நடையைக் குறிக்கும் 'கேட்டல்' என்னும் சொல்லும், வாணிக முதலைக் குறிக்கும் 'கேப்பிட்டல்' என்னும் சொல்லும் ஒரே இலத்தீன் வேரில் கிளைத்தவை. கடலால் பிரிந்து கிடந்த மக்கள் மாட்டையும் செல்வத்தையும் ஒன்றாகவே எண்ணினர் என்பதற்கு இச்சொற்களே சான்று. ஆயினும் செல்வத்தைச் சேர்ப்பது வேறு; அதன் தரத்தை உயர்த்துவது வேறு. மந்தையில் எத்தனை தலை என்று எண்ணி மகிழ்ந்த நிலை மாறி, நல்ல மாடு எது, அதன் நன்மையை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு செல்வது எவ்வாறு என்னும் கேள்விகளைப் பிரிட்டனின் உழவர் முறையாகக் கேட்கத் தொடங்கியது பதினெட்டாம் நூற்றாண்டில்தான். அக்கேள்விகளுக்கு விடை தேடிய குடும்பங்களுள் சில ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையில் வாழ்ந்தன. அவை உருவாக்கிய இனமே இன்று உலகெங்கும் அறியப்படும் ஆபர்டீன் ஆங்கஸ்.

இம்மாட்டின் அடையாளங்கள் இரண்டு. உடல் முழுவதும் கருநிறம். தலையில் கொம்பு இல்லை. கொம்பில்லா மாட்டை நம் உழவர் மோழை என்பர். அச்சொல்லில் சிறிது ஏளனமும் கலந்தே ஒலிக்கும். ஆங்கஸ் வட்டாரத்து மக்கள் தம் மோழை மாட்டை 'டாடி' என்றும், அதற்கு வடக்கே புக்கான் வட்டாரத்தார் 'ஹம்லி' என்றும் அழைத்தனர். இவை செல்லப் பெயர்கள். பாலுக்கும் உழவுக்கும் மாடு வளர்த்த மரபில் வந்தவர்க்கு, இறைச்சிக்கென்றே வளர்க்கப்பட்ட ஓர் இனத்தின் வரலாறு சற்றுத் தயக்கத்தைத் தரலாம். ஆனால் இவ்வரலாற்றின் உட்பொருள் இறைச்சி அன்று. ஓர் உயிரின் தரத்தை மனிதன் எதைக்கொண்டு அளந்தான், அளந்த கோல் எத்தனைமுறை பிழைத்தது என்பதே அதன் உட்பொருள்.

ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதி குளிர் மிகுந்தது. குளிர்காலத்தில் புல் கிடைப்பது அரிது. முற்காலத்தில் உழவர் தம் மாடுகளை இலையுதிர் காலத்திலேயே மெலிந்த நிலையில் விற்றுவிடுவர். மாட்டு வணிகர் அவற்றைக் கூட்டங்கூட்டமாக ஓட்டிக்கொண்டு ஃபால்கர்க் சந்தைக்குச் செல்வர். அங்கிருந்து அவை இங்கிலாந்தின் மேய்ச்சல் நிலங்களுக்கு நடக்கும். கொழுக்க வைத்து ஆதாயம் பெறுபவர் இங்கிலாந்துக்காரர். ஈன்று வளர்த்தவருக்குக் கிடைத்தது சொற்பம். டர்னிப் கிழங்குப் பயிர் பரவியபின் இந்நிலை மாறியது. குளிர்காலத் தீவனம் வீட்டிலேயே கிடைத்தது. அடுத்து நீராவிக் கப்பல் வந்தது. 1850இல் இருப்புப்பாதையும் ஆபர்டீன் நகரை எட்டியது. கொழுத்த மாடு நடந்து மெலியாமல் இலண்டன் சந்தையை அடைய வழி பிறந்தது. நல்ல மாட்டுக்கு நல்ல விலை என்னும் நிலை தோன்றிய பிறகே, நல்ல மாட்டை உருவாக்கும் முயற்சிக்குப் பொருள் ஏற்பட்டது.

முயற்சிக்கு வழிகாட்டி ஒருவர் முன்னரே இருந்தார். இங்கிலாந்தின் டிஷ்லி என்னும் ஊரில் வாழ்ந்த இராபர்ட் பேக்வெல், ஆட்டிலும் மாட்டிலும் விரும்பிய பண்புடையவற்றைத் தேர்ந்து, நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்து அப்பண்பை நிலைபெறச் செய்தார். அவர் 1795இல் மறைந்தார். அவர் காட்டிய வழியில் சென்று புகழ்பெற்றது ஷார்ட்ஹார்ன் என்னும் குறுங்கொம்பினம். மாட்டினத்துக்கென அச்சிடப்பட்ட முதற் குலப்பதிவேடு 1822இல் அவ்வினத்துக்கே வெளிவந்தது. ஷார்ட்ஹார்னின் புகழ் ஸ்காட்லாந்திலும் பரவியது. உள்ளூர்க் கரும்பசுவை ஷார்ட்ஹார்ன் காளையோடு சேர்த்தால் முதற் கலப்பில் மிகச் சிறந்த கன்று பிறக்கும். இந்த எளிய ஆதாயத்திலேதான் பேராபத்து ஒளிந்திருந்தது. எல்லாரும் கலப்புக் கன்றையே விரும்பினால், கலப்புக்குத் தாயாக வேண்டிய தூய கரும்பசு எங்கிருந்து வரும்? விதை நெல்லைக் குத்தி உண்பது போன்ற நிலை அது.

இச்சூழலில் தோன்றியவரே ஹியூ வாட்சன். ஆங்கஸ் மாவட்டத்தில் நியூட்டைல் ஊருக்கு அருகிலுள்ள கீலர் என்னும் பண்ணையை இவர் 1808இல் குத்தகைக்கு எடுத்தார். இவருடைய குடும்பம் பாட்டனார் காலத்திலிருந்தே மாடு வளர்ப்பில் ஈடுபட்டிருந்தது. தனிக் குடித்தனம் தொடங்கிய மகனுக்குத் தந்தை ஆறு பசுக்களையும் ஒரு காளையையும் கொடுத்தார். மந்தையிலேயே மிகச் சிறந்தவை, மிகக் கரியவை என்று பார்த்துக் கொடுத்தாராம். அவ்வாண்டு கோடையிலேயே மகன் பிரீக்கின் அருகே கூடும் டிரினிட்டிமூர் சந்தைக்குச் சென்று பத்துக் கிடேரிகளையும் ஒரு காளையையும் தேர்ந்து வாங்கினார். கிடேரிகள் பல நிறத்தன. காளை மட்டும் கறுப்பு. தம் மந்தை முழுதும் கறுப்பாகவே இருக்கவேண்டும் என்று வாட்சன் அப்போது முடிவு செய்தார்.

அம்முடிவுக்கு உயிரியல் காரணம் ஏதுமில்லை. நிறத்தால் இறைச்சி சுவைப்பதுமில்லை, கெடுவதுமில்லை. ஒரே தோற்றமுடைய மந்தை சந்தையில் எளிதில் அடையாளம் காணப்படும் என்பதே அதன் பயன். ஆயினும் 1808இல் ஓர் இளம் உழவர் செய்த அந்தத் தேர்வு இரு நூற்றாண்டுகள் கடந்தும் உலகச் சந்தையை ஆட்டிப்படைக்கிறது. அது எவ்வாறு என்பதைப் பின்னர்க் காண்போம்.

வாட்சன் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்தார். 1842இல் பிறந்த 'ஓல்டு ஜாக்' என்னும் காளை அவர் மந்தையின் மணிமுடி. குலப்பதிவேடு பின்னாளில் தொகுக்கப்பட்டபோது காளைகளுள் முதல் எண் அதற்கே வழங்கப்பட்டது. பசுக்களுள் புகழ்பெற்றது 'ஓல்டு கிரானி'. தமிழில் கிழப்பாட்டி எனலாம். 1824இல் பிறந்த இப்பசு 1859இல் இடி விழுந்து இறந்தது. முப்பத்தைந்து ஆண்டு வாழ்ந்து இருபத்தொன்பது கன்றுகளை ஈன்றது என்பர். இன்று உயிரோடுள்ள ஆங்கஸ் மாடுகளுள் மிகப் பெரும்பாலானவற்றின் குலவழி இவ்விரண்டில் சென்று முடியும். காளையின் உடற்கட்டு எவரையும் கவரும். அதைப் போற்றியதில் வியப்பில்லை. ஆனால் ஆண்டுதோறும் சினைப்பட்டு, நோயின்றி, கன்றைத் தானே ஊட்டி வளர்த்த ஒரு பசுவின் நெடுவாழ்வைத் தரத்தின் அளவாக வாட்சன் கொண்டாரே, அதுவே அவருடைய பேரறிவு. பின்வந்தோர் பலர் இதை மறந்து இடர்ப்பட்டனர்.

மாட்டினத்தைச் சீர்திருத்துவதற்கு ஒருவரின் வாழ்நாள் போதாது. பசு சுமந்து ஈனுவதற்கு ஏறத்தாழ 283 நாள் ஆகும். பிறந்த கிடேரி முதற்கன்று ஈன இரண்டு, மூன்று ஆண்டு செல்லும். ஒரு பொலிகாளை உண்மையில் நல்லதா என்று அறிய, அதன் பெண்கன்றுகள் வளர்ந்து, ஈன்று, தம் கன்றுகளை எவ்வாறு ஊட்டுகின்றன என்று பார்க்கும்வரை காத்திருக்கவேண்டும். அதற்குள் ஐந்தாறு ஆண்டு ஓடிவிடும். சிலவேளை அந்தக் காளையே இறந்து போயிருக்கும். பண்ணைக்குடும்பம் என்பது இங்கே வெறும் உடைமைமுறை அன்று. தந்தை தேர்ந்த காளையின் பேத்தியை மகன் பார்த்து, தந்தையின் தேர்வு சரியா பிழையா என்று சொல்லவேண்டும். இந்த நினைவுத்தொடர் அறுந்தால் இனமும் சிதறும்.

நினைவு வாய்மொழியாக இருந்தவரை ஐயத்துக்கும் பொய்க்கும் இடம் இருந்தது. ஆகவே மோழை மாடுகளுக்கும் ஒரு குலப்பதிவேடு தொகுக்க முயன்றனர். அதற்கெனத் திரட்டிய குறிப்புகள் எடின்பரோவில் வைக்கப்பட்டிருந்தபோது 1851இல் நெருப்பில் எரிந்து போயின. பல குடும்பங்களின் அரைநூற்றாண்டு நினைவு சாம்பலாயிற்று. மனம் தளராது மீண்டும் தொகுத்தவர் எட்வர்டு ராவென்ஸ்கிராஃப்ட். அவருடைய முதல் தொகுதி 1862இல் வெளிவந்தது. அதன்பின் பத்தாண்டு இடைவெளி. 1872இல் இரண்டாம் தொகுதியை வெளியிட்டவர் பான்ஃப் நகரில் செய்தித்தாள் நடத்திய அலெக்சாந்தர் ராம்சே. தொழுவத்தில் சாணம் மிதித்தவர்களைப் போலவே, எழுதுமேசையில் அமர்ந்து மாட்டின் தாய் தந்தை பெயரைச் சரிபார்த்த இந்த இதழாசிரியரும் இவ்வினத்தைக் காத்தவருள் ஒருவர் என்பதை வரலாறு எழுதுவோர் பலர் சொல்ல மறந்துவிடுகின்றனர். 1879இல் மோழை மாட்டு வளர்ப்போர் சங்கம் அமைந்தது.

வாட்சன் இனத்தைத் தோற்றுவித்தார் என்றால், அதை அழியாமல் காத்தவர் வில்லியம் மக்காம்பி. ஆபர்டீன் மாவட்டத்து டில்லிஃபூர் பண்ணையில் 1805இல் பிறந்தவர். இவர் தந்தை ஸ்காட்லாந்தின் வடபகுதியில் பெயர்பெற்ற மாட்டு வணிகர். ஆயிரக்கணக்கான மாடுகளைத் தெற்கே ஓட்டிச் சென்று விற்றவர். அத்தொழிலின் ஏற்ற இறக்கங்களைக் கண்டு சலித்த தந்தை, மகனாவது படித்து முன்னேறட்டும் என்று கல்லூரிக்கு அனுப்பினார். மகனின் உள்ளமோ மந்தையை விட்டு அகலவில்லை. தந்தையின் தொழிலிலேயே இறங்கினார். பின்னர் அதை விடுத்து இனவளர்ப்பில் முழுமையாக ஈடுபட்டார். சந்தை சந்தையாய் அலைந்த காலத்தில் பார்த்த மாடுகளே அவருக்குப் பாடநூல்கள் ஆயின. ஆயிரம் மாடுகளைப் பார்த்தவருக்கே ஆயிரத்தோராவது மாட்டின் குறை தெரியும்.

1844இல் ஆர்டோவி என்னும் பண்ணையில் நடந்த விற்பனையில் அவர் ஓர் இளங்கிடேரியை வாங்கினார். 'குவீன் மதர்' என்று பெயரிடப்பட்ட அதன் வழியில் வந்ததே டில்லிஃபூரின் புகழ்பெற்ற பசுக்குடி. வாட்சனின் கீலர் குலத்தைத் தம் மந்தைக்குள் கொணர்ந்து, அவரைப் போலவே உறவுக்குள் இணைசேர்த்து, உடலில் மேலும் திண்மையும் ஒருமையும் தோன்றச் செய்தார். ஷார்ட்ஹார்ன் கலப்பே ஆதாயம் என்று அண்டை அயலார் எல்லாரும் கூறிய காலத்தில், தூய கறுப்பினத்தைக் கைவிடாமல் வைத்திருந்ததே அவர் செய்த தொண்டு.

கைவிடாமல் வைத்திருப்பது எளிதாக இருக்கவில்லை. 1865இல் பிரிட்டனில் மாட்டுக் கொள்ளைநோய் புகுந்தது. மருந்து எதுவும் இல்லை. ஆபர்டீன் மாவட்ட உழவர் ஒன்றுகூடித் தமக்குள் பணம் திரட்டினர். நோய் கண்ட மந்தைகளைக் கொன்று புதைத்து, இழந்தவருக்கு அப்பணத்திலிருந்து ஈடு கொடுத்தனர். நோயை மறைத்துவைத்தால் தன் மாடு ஒருவேளை பிழைக்கலாம் என்னும் ஆசை எவருக்கும் எழக்கூடியதே. மறைக்காமல் சொன்னவருக்கு இழப்பு நேராதபடி அண்டைவீட்டார் பொறுப்பேற்றதனால் நோய் அங்கே வேரூன்றவில்லை. மக்காம்பி இம்முயற்சியில் முன்னணியில் நின்றார். மாடுகளையும் மாடு வளர்ப்போரையும் பற்றி அவர் எழுதிய நூல் 1867இல் வெளிவந்தது.

அதே ஆண்டில் அவருடைய 'பிளாக் பிரின்ஸ்' என்னும் எருது பர்மிங்காமிலும் இலண்டன் ஸ்மித்ஃபீல்டிலும் நடந்த கண்காட்சிகளில் முதன்மை பெற்றது. விக்டோரியா அரசியார் அதனைக் காண விரும்ப, விண்ட்சர் அரண்மனைக்குக் கொண்டு செல்லப்பட்டது. பின்னர் அரசியார் டில்லிஃபூர்ப் பண்ணைக்கு நேரிலும் வந்தார். குத்தகை உழவர் ஒருவரின் தொழுவத்துக்குப் பேரரசி ஒருவர் வருவது அக்காலத்தில் எளிய செய்தி அன்று. 1868இல் மக்காம்பி நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஸ்காட்லாந்திலிருந்து குத்தகை உழவர் ஒருவர் அங்கே நுழைந்தது அதுவே முதன்முறை. 1878இல் பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அவருடைய மாட்டுக்கூட்டம் பல நாட்டு இனங்களையும் வென்று தலைமைப் பரிசு பெற்றது. இரண்டாண்டு கழித்து 1880இல் அவர் மறைந்தார். திருமணம் செய்துகொள்ளாதவர். அவருக்குப் பின் மந்தை பலர் கைக்குச் சென்றது.

மூன்றாமவர் இவ்விருவரினும் வேறான நிலையில் பிறந்தவர். சர் ஜார்ஜ் மக்ஃபர்சன் கிராண்ட், ஸ்பே ஆற்றங்கரையில் பாலிண்டாலக் மாளிகைக்கும் நிலங்களுக்கும் உரியவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர், 1861இல் நடந்த ஒரு விற்பனையில் ஐம்பது கினி கொடுத்து 'எரிக்கா' என்னும் பசுவை வாங்கினார். 1907இல் இறக்கும்வரை ஏறத்தாழ அரைநூற்றாண்டு அவர் மனம் இவ்வினத்திலேயே தோய்ந்திருந்தது. எரிக்காவின் பெண்வழி அவ்வினத்திலேயே மிகப் பெயர்பெற்ற குடியாக வளர்ந்தது. 1860இல் தொடங்கிய பாலிண்டாலக் மந்தை தலைமுறை தலைமுறையாக அக்குடும்பத்திலேயே நீடித்து, உலகின் மிகப் பழைய ஆங்கஸ் மந்தை என்னும் பெயரைப் பெற்றது. செல்வரின் பொழுதுபோக்கு என்று இதனைத் தள்ளிவிடுவோரும் உண்டு. ஆனால் செல்வர் பலரின் பொழுதுபோக்குகள் பத்தாண்டும் தாங்குவதில்லை.

இனி, கடல் கடந்த கதை. இலண்டனில் பட்டு வணிகம் செய்து பொருள் ஈட்டிய ஜார்ஜ் கிராண்ட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துப் புல்வெளியில் பெரும்பரப்பு நிலம் வாங்கி, விக்டோரியா என்னும் குடியிருப்பை அமைத்தார். 1873இல் நான்கு ஆங்கஸ் காளைகளை அங்கே கொண்டு சென்றார். அவற்றுள் இரண்டை அவ்வாண்டு கான்சஸ் நகரக் கண்காட்சியில் நிறுத்தியபோது மக்கள் நகைத்தனர். அகன்று நீண்ட கொம்புடைய டெக்சஸ் மாடுகளையே பார்த்துப் பழகியவர்க்கு, கொம்புமின்றி முழுக்கறுப்பாய் நின்றவை விந்தைப் பிறவிகளாகத் தோன்றின. கிராண்டின் கனவுக் குடியேற்றம் நிலைக்கவில்லை. அவரும் 1878இல் இறந்தார். ஆனால் காளைகள் தம் கடமையைச் செய்துவிட்டன. நெடுங்கொம்புப் பசுக்கள் ஈன்ற கன்றுகள் கறுப்பாய், மோழையாய்ப் பிறந்தன. புல்வெளியின் கொடுங்குளிரைத் தாங்கி, வசந்தத்தில் மற்றக் கன்றுகளைவிட எடை மிகுந்து நின்றன. நகைத்தவர்களே வாங்க வந்தனர். அடுத்துவந்த சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் ஸ்காட்லாந்திலிருந்து இறக்குமதியாயின. 1883 நவம்பர் 21ஆம் நாள் சிகாகோவில் அறுபது உறுப்பினர்களோடு அமெரிக்கச் சங்கம் தோன்றியது.

புதிய நாட்டில் புதிய சிக்கல் எழுந்தது. கறுப்புத் தாய்க்கும் கறுப்புத் தந்தைக்கும் இடையிடையே சிவப்புக் கன்று பிறந்தது. இது வாட்சன் காலத்திலிருந்தே இருந்துவந்த செய்திதான். கருநிறம் ஓங்கு பண்பு. செந்நிறம் ஒடுங்கு பண்பு. செந்நிற மரபணுவைத் தம்முள் மறைத்து வைத்திருக்கும் இரு கறுப்பு மாடுகள் சேர்ந்தால், நான்கில் ஒரு கன்று சிவப்பாய்ப் பிறக்க வாய்ப்புண்டு. பட்டாணிச் செடிகளைக்கொண்டு இந்த உண்மையைக் கண்ட மெண்டலின் கட்டுரை 1866இல் அச்சேறியது. மக்காம்பியின் நூல் வெளிவருவதற்கு ஓராண்டு முன்னர்! ஆனால் 1900 வரை அதனைப் பொருட்படுத்துவார் எவருமில்லை. 1917இல் அமெரிக்கச் சங்கம் சிவப்பு மாடுகளுக்குப் பதிவு மறுத்தது. உடலமைப்பில் எக்குறையும் இல்லாத கன்றுகள் நிறத்தால் குலமிழந்தன.

இந்த முடிவை ஏற்காத குடும்பங்களும் இருந்தன. வயோமிங் மாநிலத்தில் ஷெரிடன் அருகே பெக்டன் பண்ணையை நடத்திய வால்டோ ஃபோர்ப்ஸ், சாலி ஃபோர்ப்ஸ் இணையர் 1945 முதல், கறுப்பு மந்தைகளில் கழிக்கப்பட்ட சிவப்பு மாடுகளைத் தேடிச் சேர்த்தனர். 1954இல் சிவப்பு ஆங்கஸ் சங்கம் உருவாயிற்று. அது தொடக்கத்திலேயே ஒரு விதி வகுத்தது. குலவழி மட்டும் போதாது. கன்றின் எடைக் கணக்கும் தந்தால்தான் பதிவு. அமெரிக்க இனச்சங்கங்களுள் இவ்வாறு கட்டாயமாக்கியது அதுவே முதலாவது. நிறம் பார்த்து ஒதுக்கப்பட்டவற்றை வளர்த்தவர்கள், தரத்தை நிறுவ நிறைகோலை நாடியது இயல்புதானே.

நிறைகோலுக்குத் தேவை மிகுந்திருந்த காலமும் அதுவே. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கண்காட்சிக் களங்கள் இவ்வினத்தின் போக்கைக் கெடுத்துக்கொண்டிருந்தன. குட்டையாய், உருண்டு திரண்டு, தரையோடு ஒட்டிநிற்கும் காளைக்கே நடுவர் பரிசு வழங்கினர். பரிசு பெற்ற காளைக்கு விலை. விலை பெற்ற காளைக்கே இணை. 1950களில் பரிசுக் காளைகள் மனிதனின் இடுப்பளவுக்குக் குறுகிப் போயின. சில மந்தைகளில் வளர்ச்சியற்ற குள்ளக் கன்றுகள் பிறக்கலாயின. குள்ளத்தன்மையை ஒடுங்கு பண்பாகச் சுமந்த காளைகளே சற்றுக் குறுகித் திரண்டு, நடுவர் கண்ணுக்கு அழகாய்த் தெரிந்தன. அழகு என்று அவர்கள் தேர்ந்தது நோயையே.

இப்போக்கின் உச்சம் 1963 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் பெர்த் நகர விற்பனையில் நிகழ்ந்தது. 'லிண்டர்டிஸ் எவல்ஸ்' என்னும் காளையை அமெரிக்கர் ஒருவர் 60,000 கினிக்கு ஏலம் எடுத்தார். காளை ஒன்றுக்கு அதுவரை எவரும் கொடுத்திராத விலை. 63,000 பவுனுக்குச் சமம். ஆனால் சோதித்துப் பார்த்தபோது அக்காளைக்குக் கன்று பிறப்பிக்கும் ஆற்றலே இல்லை என்று தெரிந்தது. முப்பத்தைந்து ஆண்டு வாழ்ந்த கிழப்பாட்டிப் பசுவால் தொடங்கிய குலம், கன்றே தராத காளையை உலக விலைக்கு உயர்த்தியது.

மாற்றம் மெல்ல வந்தது. 1958இல் அமெரிக்க ஆங்கஸ் சங்கம் மந்தைச் சீர்திருத்தக் கணக்குமுறையைத் தொடங்கியது. பால்மறக்கும் பருவத்துக் கன்றின் எடையை 205 நாள் அளவுக்கும், ஓராண்டு எடையை 365 நாள் அளவுக்கும் ஒப்புநோக்கிக் கணக்கிட்டனர். 1974இல் காளைகளின் மதிப்பீட்டு அறிக்கை முதன்முறையாக வெளிவந்தது. காளையை அதன் தோற்றத்தால் அன்றி, பல பண்ணைகளில் பிறந்த அதன் கன்றுகளால் மதிப்பிடும் முறை இது. பிறக்கும்போது எடை, வளரும் வேகம், தாயின் பால், தசையினூடே பளிங்குக் கோடுபோல் படரும் கொழுப்பு ஆகிய யாவும் எண்களாயின. பண்ணைக்குடும்பங்களில் இது பிணக்கையும் உண்டாக்கியது. கண்ணால் பார்த்தே மாடறிந்த தந்தைக்கும், ஏட்டைப் புரட்டிக் காளை தேர்ந்த மகனுக்கும் இடையே எழுந்த வழக்குகள் எழுதப்படாத வரலாறு.

1978இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஆங்கஸ் இறைச்சிக்கெனச் சான்றுமுத்திரை ஒன்று அறிமுகமாயிற்று. உயர்தரம் காட்டும் அளவுகளோடு, மாட்டின் உடலில் பாதிக்குமேல் கருநிறம் இருக்கவேண்டும் என்பதும் அதன் விதி. முத்திரை பெற்ற இறைச்சிக்குக் கூடுதல் விலை கிடைத்தது. விளைவு யாது? ஐரோப்பாவிலிருந்து வந்த வேற்றினங்களை வளர்த்தோரும் தம் மாடுகளைக் கறுப்பாக்கத் தொடங்கினர். இயல்பில் மஞ்சளும் சிவப்புமாய் இருந்த சிமெண்டால், லிமோசின் இனங்களில் கறுப்பு மந்தைகள் பெருகின. கீலர் பண்ணையின் இளைஞர் சந்தை அடையாளத்துக்காகத் தேர்ந்த நிறம், அவர் கண்டிராத இனங்களின் தோலையும் மாற்றிவிட்டது.

எண்ணை நம்பியோரும் பிழைபடாமல் இல்லை. 1990இல் பிறந்த 'பிரிசிஷன் 1680' என்னும் அமெரிக்கக் காளையின் மதிப்பெண்கள் ஒப்பற்றவை. செயற்கைக் கருவூட்டல் முறையால் அதன் விந்து நாடெங்கும் பரவியது. அதன் மகன்களும் பேரன்களும் புகழ்பெற்ற பொலிகாளைகள் ஆயின. 2008இல் சில பண்ணைகளில் முதுகு வளைந்து, கால்கள் விறைத்து, உயிரற்ற கன்றுகள் பிறந்தன. ஆய்ந்தபோது அவற்றின் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் இக்காளையே நின்றது. அது ஓர் ஒடுங்கு குறையை மறைவாகச் சுமந்திருந்தது. கன்றின் எடையை அளந்த ஏட்டில் பிறவாத கன்றுக்குப் பத்தி இல்லை.

அவ்வேளையில் ஒவ்வொரு பண்ணைக்குடும்பமும் கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. செத்துப் பிறந்த கன்றை இரவோடிரவாகப் புதைத்துவிட்டால் எவரும் அறியார். வெளியே சொன்னால் மந்தை முழுவதன் விலையும் விழும். அப்படியிருந்தும் கன்றின் உடலையும் குருதியையும் ஆய்வாளரிடம் ஒப்படைத்தோர் இருந்தனர். அவர்கள் தந்த மாதிரிகளைக்கொண்டே இலினோய் பல்கலைக்கழகத்தின் மரபியல் அறிஞர் ஜோனத்தன் பீவர் சில மாதங்களுக்குள் குறையைக் கண்டறியும் மரபணுச் சோதனையை உருவாக்கினார். சங்கம் குறை சுமக்கும் காளைகளின் பெயர்களை வெளியிட்டது. பெருவிலை கொடுத்து வாங்கிய காளைகளை வெட்டுக்கு அனுப்பிய குடும்பங்கள் உண்டு. 1865இல் ஆபர்டீன் உழவர் திரட்டியது போன்ற ஈட்டுத்தொகை எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

தாயகமான ஸ்காட்லாந்தில் நேர்ந்ததும் சொல்லத்தக்கது. குட்டைக் காளைகளின் காலம் முடிந்ததும், பெரிய உடலை நாடிய பிரித்தானிய வளர்ப்போர் கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் காளைகளைத் தருவித்தனர். ஒரு நூற்றாண்டுக்குமுன் கப்பலேறிப் போன குலம் பெருத்த உடலோடு திரும்பி வந்தது. மந்தைகள் வேகமாக மாறின. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், பிறநாட்டுக் கலப்பில்லாத பழைய ஆங்கஸ் பசுக்கள் விரல்விட்டு எண்ணத்தக்க பண்ணைகளிலேயே எஞ்சின. உலகெங்கும் கோடிக்கணக்கில் பெருகிய இனம், பிறந்த மண்ணில் அருகியது. அருகிவரும் வளர்ப்பினங்களைக் காப்பதற்கென 1973இல் பிரிட்டனில் அமைந்த அறநிறுவனம் அப்பழைய குலவழியையும் தன் பட்டியலில் சேர்த்தது. ஆங்கஸ் மாவட்டத்திலேயே உழவுக்குடும்பத்தார் சிலர் கிழப்பசுக்களைத் தேடி வாங்கி அவற்றின் வழியைக் காக்க முற்பட்டனர். அக்குலவழியில் சேரத் தகுதி ஒன்றே. 1862இல் ராவென்ஸ்கிராஃப்ட் அச்சிட்ட முதல் தொகுதி வரை, பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே செல்லும்போது, வெளிநாட்டுக் காளையின் பெயர் ஓரிடத்திலும் வரக்கூடாது.